பூட்டுக்கடை அக்கா

குழம்பு நன்றாக இருக்கிறது என்று அந்த அக்காவிடம் யாரும் வாய் திறந்து சொல்லிவிட முடியாது. சொன்னால், கையிலிருக்கும் கரண்டியை வாளியில் போட்டுவிட்டு, சொன்ன ஆளை மேலும் கீழும் பார்த்து, "எதுக்குச் சொல்றீக?" என்று கேட்பார். புது ஆளாக இருந்தால் அதோடு மிரண்டு பாதிச் சோற்றில் கையை உதறி எழுந்துவிடுவான். பழகிய எங்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. பாராட்டுகிறவன் அடுத்ததாக ஏதோ கேட்கப்போகிறான் என்பது அவருடைய தீர்மானம். "ஒண்ணு, இன்னொரு துண்டு மீன ஓசியில கேப்பான். இல்லாட்டி அடுப்படிக்குள்ள ஒருவாட்டி எட்டிப் பாத்துக்கிரவாம்பான்" என்பார். இந்த இரண்டில் அவர் முன்னதை மன்னித்துவிடுவார்.

கப்பலூர் தொழிற்பேட்டைக்கு எதிரே, நாலுவழிச் சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் இருந்தது அவருடைய மெஸ். பெயர்ப்பலகை கிடையாது. முன்னால் தகரம் வேய்ந்த கொட்டகை, அதில் நாலைந்து பெஞ்சுகள். கொட்டகைக்குப் பின்னால் ஓர் ஓட்டு அறை, அதுதான் அடுப்படி. அவர் உள்ளே இருந்தால் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கும். வெளியே வந்தால் வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கும். பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல், அதற்கும் பழைய சேலைத் துணி கட்டியிருந்தது. பரிமாறுகிற பாண்டி அண்ணன் அந்த ஜன்னல் வழியாகத்தான் எவர்சில்வர் வாளிகளை வாங்கி வருவார். அவர்கூட அந்தக் கதவைத் தாண்டியதில்லை. அதனால் தொழிற்பேட்டையில் எல்லாருக்கும் அது பூட்டுக்கடை, அவர் பூட்டுக்கடை அக்கா. சொந்தப் பெயர் என்னவென்று யாரோ ஒருமுறை கேட்டதற்கு, "எதுக்குக் கேக்குறீக?" என்றுதான் பதில் வந்ததாம்.

அவருடைய சந்தேகங்களைச் சொல்லி மாளாது. தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவார். அது எல்லாரும் செய்வதுதான். அவர் தட்டும்போது தேங்காயைப் பார்க்க மாட்டார், விற்பவனின் முகத்தைப் பார்ப்பார். அயிரை மீன்காரர் கண்மாயிலிருந்து துள்ளத் துள்ளக் கொண்டுவந்து இறக்கினாலும், "தண்ணிய மாத்துப்பா, அப்பறமும் துள்ளுதான்னு பாப்போம்" என்பார். தண்ணீர் கேன் வந்தால் தானே ஒரு வாய் குடித்துவிட்டு, இடுப்பில் கை வைத்துச் சற்று நேரம் நின்று, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே எடுத்துவைப்பார். செய்தியில் மழை வரும் என்று சொன்னால் அன்றைக்குத்தான் விறகை வெளியே காயப் போடுவார்.

எனக்கு அவரைப் பார்த்த அன்றே பிடித்துப்போனது. காரணம் என் உத்தியோகம். கப்பலூரில் ஒரு சின்ன வார்ப்படப் பட்டறையில் நான் தரம் பார்க்கிறவன். பம்புக்கும் மோட்டாருக்கும் வேண்டிய இரும்பு உறைகளை அச்சில் வார்க்கிற இடம் அது. பார்வைக்குப் பழுதே தெரியாத வார்ப்புக்குள் கீறல் ஒளிந்திருக்கும். சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் நல்ல வார்ப்பு கணீரென்று பேசும். கீறல் விட்டது தொண்டை கட்டியவன் மாதிரி கரகரக்கும். இதையே வருடக்கணக்கில் செய்து, வீட்டில் காபி டம்ளரைக்கூட ஒரு சுண்டு சுண்டிவிட்டுத்தான் வாயில் வைக்கிற நிலைக்கு வந்துவிட்டேன். சந்தேகப்படுவதற்கென்றே எனக்குச் சம்பளம் தருகிறார்கள். சம்பளமே இல்லாமல் என்னைவிட அதிகமாகச் சந்தேகப்படுகிற ஒருவரைப் பார்த்ததும் மரியாதை தானாக வந்தது.

ஆனால் மரியாதை வேறு, வேலைப் புத்தி வேறு. அந்தக் குழம்பின் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது.

சாலையோரக் கடைகளின் மீன்குழம்பு எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். மேலே எண்ணெய் மிதக்கும், கீழே தூள் மண்டும், நாக்கு நுனியில் காரம் சுரீரென்று இறங்கிச் சாயங்காலம் வரை வயிற்றில் கிடந்து மல்லுக்கட்டும். இந்த அக்காவின் குழம்பில் புளி தனியாகவோ காரம் தனியாகவோ தெரியாது. அதைவிடப் பெரிய ஆச்சரியம் அதன் சூடு. எங்கள் பட்டறையில் இரும்பை உருக்கி உலை இறக்குகிற நாளில் சாப்பாட்டுக்குப் போக மூன்று மணி ஆகிவிடும். அந்த நேரத்தில் ஜன்னலில் புகை இருக்காது, விறகு அணைந்த வாடை மட்டும் இருக்கும். அப்போதும் பாண்டி அண்ணன் வாளியை வாங்கி வரும்போது குழம்பில் குமிழி வெடித்துக்கொண்டிருக்கும். அணைந்த அடுப்பிலிருந்து கொதிக்கிற குழம்பு எப்படி வரும்?

"பொடி மாப்ள, பொடி. என்னமோ ஒரு பொடி போடுது அக்கா" என்பான் சேவியர். எங்கள் ஆபீஸ் கிளார்க், என்னோடு தினமும் சாப்பிட வருகிறவன். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அவனுக்குக் கறி ஆகாது, மீன் ஆகும். அந்தக் குழம்பைத் திரும்பத் திரும்ப ஊற்றச் சொல்லித் தின்று, இலையை மூடிவிட்டு, "இத வெரதம்னு சொன்னா ஆண்டவருக்கே சந்தேகம் வந்துரும்" என்பான்.

வீட்டில் என் மனைவி செல்வியின் சந்தேகம் வேறு வழியில் போனது. கோச்சடை வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸ் போன மேனிக்கே திரும்பி வருவதை அவள் கவனித்துவிட்டாள்.

"என்னங்க, எவளாச்சும் மருந்து கிருந்து வச்சுட்டாளா?"

"எந்த மருந்து?"

"தெரியாத மாதிரிக் கேக்குறதப் பாரு. சோத்துல வச்சுக் குடுத்தா ஆளு வீடு தங்காதுல்ல, அந்த மருந்து."

"அது மீன் கொழம்பு செல்வி."

"அதுலதான் வைப்பாக."

அன்றிலிருந்து நான் வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண்ணைக் கீழிமையை இழுத்துப் பார்ப்பாள். என்ன தெரிந்ததோ, தினமும் தலையை ஆட்டிவிட்டுப் போவாள்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் அழகர்கோவிலுக்குப் போய்விட்டு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் சாலையோரம் பானை சட்டி அடுக்கிய கடை ஒன்று. முன்னால் செங்காவிப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிற்கிற பூந்தொட்டி, தண்ணீர் ஜாடி, குழாய் வைத்த பானை. அவற்றுக்குப் பின்னால், குவியலுக்கு நடுவே, ஒரு பெண் குத்தவைத்து உட்கார்ந்து சட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார். தட்டிய வேகத்திலேயே ஒதுக்கி ஒதுக்கி வைத்தார். கடைக்காரம்மா மோவாயில் கை வைத்து, எப்போது எழுந்து தொலைவார் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தட்டல் எனக்குப் பழக்கமான தட்டல். வண்டியை நிறுத்தினேன்.

"அக்கா!"

திரும்பிப் பார்த்த வேகத்தில் கையிலிருந்த சட்டியின் மேல் முந்தானையை இழுத்துப் போட்டார். கையும் களவுமாகப் பிடிபட்டவர் முகம் அது.

"யாரு சொல்லி வந்தீக?"

"யாரும் சொல்லலக்கா. சாமி கும்பிட்டு வாரோம்."

"பாத்துட்டீகளா?"

"எதையக்கா?"

முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். முந்தானைக்கு அடியில் சட்டியின் வயிறு நன்றாகவே தெரிந்தது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எவர்சில்வர் சட்டியோ அலுமினியமோ அடுப்பு அணைந்தால் ஆறத் தொடங்கிவிடும். கனத்த மண்சட்டி வாங்கிய சூட்டை விடாமல் வைத்திருந்து, இறக்கிய பிறகும் குழம்பைக் கொதிக்கவிடும். பொடியும் இல்லை, மருந்தும் இல்லை. எவர்சில்வர் வாளி வெறும் வேஷம். பூட்டிய கதவுக்குப் பின்னால் அடுப்பில் இருந்தது இதுதான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் சாலையிலேயே சற்றுத் தள்ளி, மண்பானைச் சமையல் என்று ஆளுயரப் பலகை வைத்த ஓட்டல் ஒன்று இருந்தது. வாசலில் பானைகள், பானைக்குச் சந்தனப் பொட்டு, உள்ளே நுழைகிறவனுக்குப் பானைத் தண்ணீர். கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தால் அலுமினிய அண்டாவில் குழம்பு கொதிக்கும். கொதித்த குழம்பு சட்டிக்கு வந்து சும்மா படுத்துக்கொள்ளும். ஊரெல்லாம் மண்ணைக் காட்டி அலுமினியத்தில் ஆக்கிக்கொண்டிருக்க, இந்த அக்கா எவர்சில்வரைக் காட்டிவிட்டு மண்ணில் ஆக்கியிருக்கிறார். கெட்டதை நல்லதென்று தலையில் கட்டுகிறவர்களை என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். நல்லதைச் செய்துவிட்டு அதை மறைக்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

"எதுக்குக்கா ஒளிக்கிறீக? இதத்தான எல்லாரும் போர்டு வச்சுக் கத்துறாக?"

"அவுக சட்டி போர்டுல இருக்கு. எஞ்சட்டி அடுப்புல இருக்கு. அடுப்புல இருக்கிறதுக்குக் கண்ணு ஆகாதுண்ணே. ஒரு கண்ணு, ஒரு கீறல்."

கண்ணேறில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வாதாடவில்லை. எங்கள் பட்டறையைப் பார்க்க வெளியாட்கள் வருகிற நாளில் தேறாத வார்ப்பு அதிகம் விழுவது எனக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் உருக்கிய இரும்பு கெட்டுப்போவதில்லை. நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் வார்க்கிறவன் கை தன் இயல்பை விட்டுவிடுகிறது. அதற்குக் கண் என்று பெயர் வைக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

என் வாயை அடைக்கவோ என்னவோ, எங்கள் வீட்டுக்கு ஒரு சட்டி பொறுக்கித் தருவதாகச் சொன்னார். ஒரே அளவில், ஒரே வளைவில், ஒன்றைப் பார்த்தால் இன்னொன்றைப் பார்க்கவேண்டாத சட்டிகள் ஒரு வரிசையாக இருந்தன. நான் அதைத்தான் எடுத்திருப்பேன். என் வேலையில் எல்லா உருப்படியும் ஒன்றுபோல இருந்தால்தான் தேறும். அவர் அந்த வரிசையைத் தொடக்கூட இல்லை. "அச்சுல அமுக்குனது" என்றார். குவியலின் அடியிலிருந்து, ஒரு பக்கம் விளிம்பு லேசாகத் தாழ்ந்த, கருப்பும் சிவப்புமாகச் சூளையில் வெந்த ஒன்றை இழுத்தார். உள்ளே கையை விட்டுச் சுற்றிலும் தடவினார்.

"இங்க தொட்டுப் பாருங்க. வெரலு ஓடுன தடம் இருக்கா? இந்தச் சொரசொரப்பு இருந்தாத்தான் அயிரைய உப்புப் போட்டு ஒரசிக் கழுவ முடியும். அச்சுச் சட்டி வழுவழுன்னு இருக்கும். அதுல மீனு நீச்ச அடிச்சுக்கிட்டே கெடக்கும், அழுக்குப் போகாது."

என்னிடம் நீட்டினார். நான் ஒரு தட்டுத் தட்டினேன். கணீரென்று இருந்தது. அவர் காதும் என் காதும் ஒரே நேரத்தில் அதைக் கேட்டன. ஆமாம் என்பதுபோல இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டோம். செல்வி இதையெல்லாம் வண்டிப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாயி, அரிசி கழுவுன தண்ணிய ஊத்தி ஊத்தி நாலஞ்சு நாளு பழக்கு. எடுத்த எடுப்புல புளிய ஊத்திராத. சோப்பு மட்டும் ஆகாது, அது குடிச்சுப்புட்டு அப்பறம் கொழம்புல கக்கும்" என்று செல்வியிடம் சொன்னார். செல்வி வாங்கிக்கொண்டாள். வண்டி சுந்தரராஜன்பட்டியைத் தாண்டிய பிறகு என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "இதுக்குள்ள என்னத்தத் தடவிக் குடுத்தாளோ."

சட்டி எங்கள் வீட்டு அடுப்படியைப் பார்க்கவில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்து, கொல்லையில் கருவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். வெயிலும் மழையும் அதன் மேல் போயின. நான் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. பேசினால் மருந்து வேலை செய்கிறது என்று முடிவு கட்டிவிடுவாள்.

ஐப்பசியில் ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டில் விரால் மீன்குழம்பு. முதல் வாயிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். புளி தனியாக இல்லை, காரம் தனியாக இல்லை.

"செல்வி, இது எதுல வச்ச?"

"எதுக்குக் கேக்குறீக?" என்றாள்.

மறுநாள் காலையில் அடுப்படிக்குள் போனால், கொல்லையில் கிடந்த அதே சட்டியின் அடியில் சுண்டிய குழம்பில் சோற்றைப் போட்டு விரலால் வழித்து வழித்துப் பிரட்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு உருண்டை வாயில் வைத்தாள். அதற்குப் பிறகு அந்தச் சட்டி எங்கள் அடுப்படியை விட்டு நகரவில்லை. மீனுக்கும் புளிக்குழம்புக்கும் கத்தரிக்காய்க்கும் அதுதான். அதை எடுத்தால் செல்வியின் கை தானாக அந்தத் தாழ்ந்த விளிம்புப் பக்கம் போய்விடும், அந்தப் பக்கம் சாய்த்தால்தான் சிந்தாமல் வடியும். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தால் அடுப்படிக் கதவை ஒருக்களித்துச் சாத்துவதையும் நான் கவனித்தேன்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த லாரி டிரைவர் வந்து சேர்ந்தான். வெயில் காலம். பூட்டுக்கடையில் வயிறு முட்டத் தின்றுவிட்டு வண்டிக்குள் சாய்ந்தவன், பொழுது சாய்கிறவரை எழுந்திருக்கவில்லை. சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. முதலாளி கத்தியபோது, தூங்கிவிட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "அந்தப் பொம்பள கொழம்புல என்னமோ கலக்குறாண்ணே" என்று சொல்லிவிட்டான். அவ்வளவு தின்றால் யானையும் தூங்கும். ஆனால் பேச்சு போன்களில் ஏறிவிட்டது. பூட்டிய கதவின் படம் ஒன்றையும் யாரோ சேர்த்துவிட்டார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கேள்விக்குறி போட்டிருந்தார்கள்.

பூட்டு இத்தனை நாளும் எல்லாருக்கும் ஒரு வேடிக்கையாக இருந்தது. ஒரே வாரத்தில் அதுவே சாட்சி ஆகிவிட்டது. மடியில் கனம் இல்லையென்றால் எதற்குப் பூட்டு என்று, அங்கேயே தின்று வளர்ந்தவர்கள் கேட்டார்கள். எங்கள் மேனேஜர் இனிமேல் விருந்தாளிகளுக்கு அங்கிருந்து சாப்பாடு வேண்டாம் என்றார். பெஞ்சுகள் காலியாகின. கடைசியில் இடத்துக்காரர் வந்து, பேர் கெட்ட கடைக்கு இடம் தரமுடியாது, இந்த மாதத்துக்குள் பேச்சு அடங்கவில்லை என்றால் காலி செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்கு அந்த மெஸ்தான் வீடு. வேறு போக்கிடம் இல்லை. அந்த அடுப்படியிலேயே ஒரு மூலையில் படுத்து எழுகிறவர்.

நான், சேவியர், பாண்டி அண்ணன் மூன்று பேரும் அவரிடம் பேசினோம். கதவைத் திறந்து காட்டிவிட்டால் ஒரே நாளில் எல்லார் வாயும் அடைபடும் என்றோம். சேவியருக்குச் சொந்த அக்காவின் மகன் ஒருவன், கடை கடையாகப் போய்ச் சாப்பிட்டுப் படம் எடுத்துப் போடுகிற பையன். லட்சம் பேர் பார்க்கிறார்கள், அவனைக் கூட்டி வருகிறேன் என்றான்.

"இத்தன வருசமாத் தின்னாக. யாருக்காச்சும் ஒரு வயித்து வலி வந்திருக்கா?" என்றார் அக்கா.

"அது இல்லக்கா. பாத்தா நம்புவாக."

"தின்னுபுட்டு நம்பாதவுக பாத்துபுட்டு நம்புவாகளோ?"

பாண்டி அண்ணன் முன்னால் வந்து சொன்னார். "நானே உள்ள பாத்ததில்ல தாயி. அங்க என்னத்தக் கலக்குறீகன்னு எம்பொண்டாட்டியே என்னயக் கேக்குறா. நான் என்னான்னு சொல்லட்டும்?"

அது அவரைத் தாக்கிவிட்டது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பாண்டி அண்ணன் கையில் வைத்தார்.

படம் எடுக்க வந்த அன்று மத்தியானம் கொட்டகை நிறையக் கூட்டம். சாப்பிட வராதவர்களெல்லாம் பார்க்க வந்திருந்தார்கள். படம் என்றால் சுத்தமாக இருக்கவேண்டும் என்று பாண்டி அண்ணன் காலையிலிருந்தே கொட்டகையின் சிமெண்டுத் தரையைக் கழுவிவிட்டுக்கொண்டே இருந்தார். கதவு திறந்தது. உள்ளே நாங்கள் நினைத்ததைவிடச் சின்ன இடம். சாணி மெழுகிய தரை, விறகடுப்பு, சுவரோரம் வைக்கோல் பிரிமணை வளையங்களின் மேல் சட்டிகள். ஒவ்வொரு சட்டிக்கும் அதன் அடிக்கு ஏற்றபடி தனித்தனியாக முறுக்கிய பிரிமணை. மீன்குழம்புச் சட்டி எல்லாவற்றிலும் பெரியது, கரி ஏறி எண்ணெய் குடித்து எருமைத் தோல் மாதிரி மின்னியது. அவர் கடை போட்ட நாளிலிருந்து இருப்பது என்று அன்றுதான் தெரிந்தது. கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. "அட, மண்சட்டி" என்று யாரோ சொன்னார்கள். தங்களை யாரோ ஏமாற்றிவிட்டதுபோல இருந்தது அந்தக் குரல்.

"ஆன்ட்டி, இங்க லைட் பத்தல. அப்பிடியே வெளிய எடுத்துட்டு வந்து நடுவுல வைங்க. எல்லாருக்கும் தெரியுற மாதிரி" என்றான் படக்காரன்.

அவர் தயங்கினார். பிறகு இரண்டு பக்கமும் துணியைப் பிடித்து, கொதிக்கிற சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். நாலு பக்கமும் போன்களைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பிரிமணை உள்ளேயே இருந்தது. அத்தனை வருடத்தில் ஒரு நாளும் அதை மறந்திருக்க மாட்டார். அன்று மறந்தார். ஈரச் சிமெண்டில் சட்டியை இறக்கினார்.

சத்தம் பெரிதாக இல்லை. ஒரு சொடுக்குப் போட்டதுபோல, அவ்வளவுதான். குழம்பு தொடர்ந்து கொதித்தது. "பாருங்க மக்களே, ஒரிஜினல் மண்சட்டி, இன்னும் கொதிக்குது!" என்று அவன் சொல்ல, எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் அந்தச் சத்தம் இரண்டு பேருக்குத்தான் கேட்டது. அக்கா குனிந்தபடியே விரல் முட்டியால் சட்டியைத் தட்டினார். கரகரவென்று இருந்தது. நிமிர்ந்து, அத்தனை தலைகளையும் தாண்டி, என்னைத் தேடினார்.

"கேட்டுச்சா?" என்றார்.

நான் தலையாட்டினேன். சட்டியின் அடியிலிருந்து குழம்பு ஒரு நூல் மாதிரி தரையில் வழிந்து போனது. அதையும் படம் எடுத்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெளியே வந்து சாலையைப் பார்த்து நின்றேன்.

அக்கா தப்பித்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். பேச்சு அடங்கியது, இடத்துக்காரர் தன் வீட்டாரைக் கூட்டிவந்து சாப்பிட்டார், மதுரைக்குள்ளிருந்து கார்கள் வந்து சர்வீஸ் ரோட்டை அடைத்தன. வந்தவர்கள் நேரே அடுப்படிக்குள் போனார்கள். சட்டிகளைத் தட்டினார்கள், சாய்த்தார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மற்றச் சட்டிகளும் ஒவ்வொன்றாகக் கீறல் விட்டுப் போயின. புதுச் சட்டியைப் பொறுக்கவும் பழக்கவும் நாள் வேண்டும். வரிசையில் நிற்கிறவர்களுக்கு அந்த நாள் இல்லை.

பிறகு எங்கள் பட்டறை வேலை பகல் சாப்பாட்டுக்கு வெளியே விடாத அளவுக்குக் கூடிவிட்டது. மாதக்கணக்கில் நான் அந்தப் பக்கம் போகவில்லை. போனபோது பெயர்ப்பலகை இருந்தது, அதில் சட்டிப் படம் இருந்தது. அடுப்படிக்குக் கதவே இல்லை, கழற்றிவிட்டிருந்தார்கள். உள்ளே செங்காவி அடித்த சட்டிகள் வரிசையாக, ஒன்றைப் பார்த்தால் இன்னொன்றைப் பார்க்கவேண்டாதபடி நின்றன. அடியில் சின்னதாக ஒரு தீ. எனக்கு ஒரு குட்டிச் சட்டியிலேயே குழம்பு வந்தது. ஒரு வாய் சாப்பிட்டேன். மேலே எண்ணெய் மிதந்தது.

கை கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். அங்கே புதிதாக ஒரு தகரக் கொட்டகை. உள்ளே அலுமினிய அண்டாவில் குழம்பு தளதளத்தது. அந்தக் கொட்டகைக்குப் பூட்டு இல்லை, தாழ்கூட இல்லை. அதற்குள் எட்டிப் பார்க்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"பாத்துட்டீகளா?"

பின்னால் அக்கா நின்றார். அழகர்கோவில் சாலையில் கேட்ட அதே கேள்வி. இந்த முறை முந்தானையை இழுத்து எதையும் மூடவில்லை.

"பாத்தேன்க்கா."

"கொழம்பு எப்பிடி இருந்துச்சு?"

அவர் யாரிடமும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஈரக் கையை உதறினேன்.

"நல்லா இருந்துச்சுக்கா" என்றேன்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். என்னை மேலும் கீழும் பார்ப்பார், எதுக்குச் சொல்றீக என்று கேட்பார், கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று இருந்தேன். அக்கா சிரித்தார்.

"ரொம்ப சந்தோசம்ணே. வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.